மார்த்தாவின் கார்டை எடுத்தவனுக்கு

மகனே,

நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். "பெத்த தாய் செய்யற வேலைங்களா இது? கம்பெனியில அத்தன பேர் முன்னால என் மானத்த வாங்கிட்டீங்க" என்று கேட்டிருந்தாய். அத்தனை கோபத்திலும் ‘ங்க’ போட மறக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில் அது ஒன்றுதான் உன்னிடம் தங்கியிருக்கிறது போலிருக்கிறது. போனில் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பேச ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து என் பேச்சை உன் பக்கம் திருப்பிக்கொள்வாய், அதில் நீ கெட்டிக்காரன். காகிதத்தில் அது நடக்காது. இதை உனக்காக மட்டும் எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரி பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டாள் என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். இனி யார் வந்து கேட்டாலும் இந்தக் கடிதத்தைத்தான் படிக்கக் கொடுப்பேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போர்ச்சுகலில் படிக்கப் போனவன் மார்த்தாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று உனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். வந்த இரண்டு வருஷத்தில் அவள் இந்த வீட்டில் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. அவள் ஊரில் குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கிற ஒரு கம்பெனிக்கு இங்கே உட்கார்ந்தே டிசைன் போட்டுக் கொடுத்தாள். சம்பளம் அங்கே அவள் கணக்கில் விழும். அதை எடுக்க அவளிடம் இருந்தது அந்த ஊர் வங்கி கொடுத்த கார்டு ஒன்றுதான். நம் ஊரில் கீரைக்காரம்மா கூட போனைக் காட்டித்தான் காசு வாங்குகிறாள். மார்த்தாவுக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் இங்கே அவளுக்குக் கணக்கே இல்லை. அவள் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடு என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? பேப்பர் வரணுங்க, கையெழுத்து வாங்கணுங்க என்று தள்ளிக்கொண்டே போனாய். அப்போது அதைச் சோம்பல் என்று நினைத்தேன். கடைசி ஆறு மாதம் அது சோம்பல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அதனால் அவள் வெள்ளிக்கிழமைதோறும் பணம் எடுக்கப் போவாள். நம் பனியன் கம்பெனி வேனில் டிரைவர் செல்வம் கூட்டிப்போவான். நானும் பலமுறை கூடப் போயிருக்கிறேன். வெளிநாட்டுக் கார்டு என்றால் எல்லா ஏ.டி.எம். மெஷினும் மரியாதை கொடுப்பதில்லை. ஒன்று கார்டை உள்ளேயே வாங்காது. இன்னொன்று வாங்கி, நிறைய நேரம் யோசித்து, முடியாது என்று துப்பிவிடும். கொடுக்கிற மெஷினும் நம் கார்டுக்குக் கொடுக்கிற அளவு கொடுக்காது, ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கட்டணம் பிடிக்கும். கடைசியில் ஒரு கேள்வி வேறு கேட்கும், யூரோவில் கணக்குப் போட்டுக் கழிக்கட்டுமா, ரூபாயிலேயே விடட்டுமா என்று. யூரோ என்று அழுத்தினால் மெஷின்காரன் வைத்ததுதான் விலை, நஷ்டம் அதிகம். மார்த்தா ஒருநாளும் அதை அழுத்தமாட்டாள். எப்போதும் ரூபாய்தான். சோமனூர்ப் பக்கம் ஒரு மெஷினில் எழுத்தெல்லாம் தமிழில் வந்துவிட, கண்ணாடிக் கதவைத் திறந்து செல்வத்தைக் கூப்பிட்டாள். அவன் உள்ளே வந்து எந்தப் பட்டன் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஒரு உதவிதான் பிறகு அவன் கழுத்தைப் பிடித்தது.

அவளுடைய அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாகச் சேதி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மார்த்தா அழவில்லை, உடனே டிக்கெட் போட உட்கார்ந்தாள். கார்டு போகவில்லை. மறுபடி போட்டாள், போகவில்லை. வங்கியின் ஆப்பைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அதற்கு வரவேண்டிய குறியீட்டு எண் அவளுடைய பழைய போர்ச்சுகல் நம்பருக்குப் போகும், அந்த சிம் செத்துப்போய் பல மாதம். அதைச் சரிபண்ணித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டவனும் நீதான். கடைசியில் வங்கிக்கே போன் போட்டாள். கணக்கில் ஒன்றும் இல்லை என்றார்கள். மாதக்கணக்காக வெள்ளிக்கிழமைகளில் அவள் எடுத்தது போக இன்னும் பலமுறை பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, எல்லாம் திருப்பூரில் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்கள். அவள் எடுக்காத ஒவ்வொன்றும் யூரோ என்று அழுத்தி எடுத்தது.

அதைக் கேட்டதும் நீ என்ன சொன்னாய் என்பதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "படிச்சவன் எவனும் அந்தப் பட்டன அமுக்க மாட்டானுங்க. இது செல்வம் வேலை" என்றாய். யோசிக்கக்கூட இல்லை. அவன் பின் நம்பரைப் பார்த்தவன், இவள் காய் வாங்க இறங்கும்போது கைப்பை வேனில்தான் கிடக்கும், நேரமும் அவனுக்கு இருந்தது என்று வக்கீல் மாதிரி அடுக்கினாய். அவசரத்தில் கண்ட பட்டனையும் அமுக்கியவன் நீயே. உன் அவசரத்தையே எடுத்து அவன் படிக்காத தலையில் வைத்தாய். போலீசுக்குப் போகலாம் என்றேன். குடும்பம் சந்தி சிரிக்கும் என்றாய். செல்வம் அண்ணன் எடுத்திருக்கமாட்டார் என்று மார்த்தா மெதுவாகச் சொன்னாள். உனக்கு இந்த ஊர் ஆட்களைத் தெரியாது என்று அவள் வாயை அடைத்தாய்.

செல்வம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். உன் அப்பா இருந்த காலத்திலிருந்து நம் வேனை ஓட்டியவன். அவனைக் கம்பெனி வாசலில் நிற்கவைத்துக் கேட்டபோது அவன் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "அம்மா, அந்தக் கார்ட நான் தொட்டதே கெடயாதும்மா. அவுக கூப்பிட்டாக, பட்டன் எதுன்னு காட்டுனேன். அவ்வளவுதாம்மா" என்றான். நீ வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டாய். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கட்டிங் பிரிவு ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சாமளாபுரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அவன் குடியிருக்கிற வீட்டுக்குப் போய் வீட்டைச் சோதனை போட்டிருக்கிறாய். நீ எடுத்த பணத்தை இன்னொருவன் வீட்டில் தேடியிருக்கிறாய். அங்கே இருக்காது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும், அவன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைத் திறந்தாய். எப்படி முடிந்தது உனக்கு? இதை மட்டும் எனக்கு விளங்கிக்கொள்ள முடியவில்லை, விளங்கிக்கொள்ள ஆசையும் இல்லை.

டிக்கெட்டுக்கு நான் பணம் தருகிறேன் என்று உன்னிடம்தான் சொன்னேன். சரிங்க என்றாய். அவளிடம் போய், அம்மா கை இப்போது ரொம்ப இறுக்கம், கேட்டால் நகையை வைப்பார்கள், நீ கேட்காதே என்று சொல்லியிருக்கிறாய். என்னிடம் வந்து, அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, தங்கை பார்த்துக்கொள்கிறாளாம் என்றாய். இரண்டு பெண்கள் ஒரே சமையல்கட்டில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் தப்பாக நினைத்திருந்தோம். பெற்றவள் ஆபரேஷனுக்குப் போகும்போதுகூடப் போகவில்லையே, இது என்ன மனசு என்று நான் நினைத்தேன். ஒரு டிக்கெட்டுக்கு உதவாத மாமியார் என்று அவள் நினைத்திருப்பாள். அவள் அம்மா அவள் இல்லாமலே ஆபரேஷன் செய்துகொண்டார். மார்த்தா அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தாள். அவள் அங்கே போனால் வங்கிக்கும் போவாள் என்று நீ பயந்திருக்கிறாய். அந்தப் பயத்துக்கு அவளைப் பலிகொடுத்தாய்.

பழைய கார்டை முடக்கச் சொன்னாள், புதிய கார்டு தபாலில் வந்தது. செல்வம்தான் போய்விட்டானே, பின் நம்பரை மாற்றவேண்டாம் என்று சொன்னதும் நீ. ஆனால் அவள் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். கையெழுத்துப் போட்ட கடிதம் அனுப்பி, தன் தங்கையை வங்கிக்குப் போகவைத்து, கணக்கில் இருந்த பழைய நம்பரை எடுத்துவிட்டு இங்கே வைத்திருக்கிற நம்பரைக் கொடுக்கச் செய்தாள். என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் நல்லது. சொல்லியிருந்தால் நான் உன்னிடம் உளறியிருப்பேன்.

நீ அகப்பட்ட அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஊரில் ஏதோ விடுமுறை. வழக்கமாக அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் மீட்டிங்கில் இருப்பாள். அவள் பை சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தொங்கும். அன்று அறைக்கதவு சாத்தியிருந்தது, ஆனால் அவள் என்னோடு சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நீ கூடத்திலிருந்தே, வெளியில் போய்விட்டு வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாய். கீரை பாதிகூட முடியவில்லை, அவள் போனில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். கீரைக்காம்பைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பையைத் திறந்தாள், ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள், திரும்பி வந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். எனக்கு அந்த எழுத்து புரியவில்லை. பணம் எடுத்ததாக, இப்போது, திருப்பூரில் என்று சொன்னாள். அவள் பையைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள். நான் அடுப்பை அணைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தோம். அது நீயாக இருக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த மெசேஜைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. செல்வம் என்னைப் பார்த்த பார்வைதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

நீ வந்தாய். நாற்காலியைப் பார்த்தாய். பை அங்கே இல்லை. பிறகுதான் எங்களைப் பார்த்தாய். "சாப்பாடு ஆச்சுங்களா?" என்று கேட்டாய். மார்த்தா கையை நீட்டி, "கார்டு குடுங்க" என்றாள். என்னிடமிருந்து படித்த தமிழ். உன்னைக் கையும் களவுமாகப் பிடித்த நேரத்திலும் அவள் உன்னை மரியாதை குறைத்துப் பேசவில்லை. நீ சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தாய். "சம்பளம் போடோணும்மா. பார்ட்டிகிட்ட இருந்து பேமெண்ட் வரல. வந்ததும் அவ கணக்குல போட்டரலாம்னுதான் இருந்தனுங்க" என்றாய், அவளிடம் இல்லை, என்னிடம். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பி, "செல்வம் அண்ணன் ஊட்டுக்குப் போகோணுங்க" என்றாள்.

கம்பெனிக்காகத்தான் எடுத்தேன், சூதாடவில்லை, குடிக்கவில்லை என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்படுகிறேன். உண்மைதான். சனிக்கிழமைச் சம்பளத்துக்குத்தான் போனது. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. நீ வாய்திறந்து கேட்டிருந்தால் அவளே கொடுத்திருப்பாள், நானும் கொடுத்திருப்பேன். உன் அப்பா ஒரு சனிக்கிழமை கையில் காசு இல்லாமல் குடோனுக்குள் போய் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார், வெளியே வரவே இல்லை. நீ அப்போது பள்ளிக்கூடம். நான் போய் எல்லார் முன்னாலும் நின்று, இந்த வாரம் சம்பளம் இல்லீங்க, அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறோம் என்றேன். ஏசினார்கள். ஏசவேண்டியதுதான், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை எல்லாரும் வந்தார்கள். உன் அப்பா கோழை. ஆனால் தன் கோழைத்தனத்துக்கு இன்னொருவனைத் திருடன் ஆக்கவில்லை. என் வளர்ப்பு சரியில்லை என்று இரண்டொருவர் ஜாடையாகப் பேசுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. நீ செய்ததை நீதான் செய்தாய்.

மறுநாள் காலையில் மார்த்தாவும் நானும் சாமளாபுரம் போனோம். செல்வம் வீட்டில் இல்லை. திருடன் என்று பேர் வந்த டிரைவரை யாரும் வண்டி ஏற்றவில்லை, சாயப்பட்டறை ஒன்றில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பாண்டியம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை, எங்களை உள்ளே கூப்பிடவும் இல்லை. மார்த்தா கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். "நீ எதுக்கும்மா கும்புடுற, நீ போ" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பாண்டியம்மா என்னைப் பார்த்தாள். "அரிசிப் பானையக்கூடத் தரையில கொட்டிப் பாத்துட்டுப் போனாய்ங்க. பக்கத்து வீட்டு ஆளெல்லாம் நின்னு வேடிக்க பாத்தாய்ங்க. அவிங்ககிட்டப் போயி சொல்லுங்கம்மா. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது, எனக்குத்தான் தெரியுமே." அவள் சொன்னதுதான் நியாயம் என்று திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்த வாரமே மார்த்தாவைக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வா என்று நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் பேசிக் கூட்டிவரச் சொல்லி உன் மாமனைத் தூது அனுப்பினாயே, அதற்கும் பதில் இதுதான். மாட்டேன். உன் கார் என் பெயரில் இருந்தது உனக்கு மறந்துவிட்டது. விற்றேன். பணம் முழுவதும் அவள் கணக்குக்குப் போய்விட்டது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். மார்த்தா போன பிறகு வந்த சனிக்கிழமை, சம்பளம் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தபோது, நான் தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரையும் வாசலுக்கு வரச் சொன்னேன். "செல்வம் திருடலீங்க. எடுத்தது என் பையன். அவன் செல்வத்து மேல பழியப் போட்டான்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். உன்னோடு சோதனை போடப்போன இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரிசாக்காரப் பையன்களுக்கு யாரோ இந்தியில் எடுத்துச் சொன்னார்கள். செல்வத்தின் மானம் போனது அந்த வாசலில். அதைத் திருப்பிக் கொடுக்க அந்த வாசலை விட்டால் வேறு இடம் கிடையாது. உன் மானம் அங்கே போனதென்றால் போகட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற என்னால் முடியாது, காப்பாற்ற ஆசையும் இல்லை.

செல்வம் நம்மிடம் திரும்பி வரவில்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பினேன், வேண்டாம் என்றான். திருமுருகன்பூண்டியில் சிலை செய்கிற பட்டறை ஒன்றில் லாரிக்கு டிரைவர் தேடுகிறார்கள், அந்த முதலாளி இவரைப் பற்றி உங்களிடம்தான் விசாரிப்பார் என்று பாண்டியம்மா போன் செய்தாள். விசாரிக்கக் காத்திருக்காமல் நானே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அங்கே ஓட்டுகிறான். மார்த்தா ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். அவள் அம்மா கம்பு ஊன்றி நடக்கிறாராம். உன்னைப் பற்றி அவள் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாமளாபுரம் போ. அந்த வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து நில். நான்தான் எடுத்தேன், தெரிந்தேதான் உங்கள் வீட்டில் தேடினேன் என்று சொல். காசு கொண்டுபோகாதே. பாண்டியம்மா திட்டுவாள், குறுக்கே பேசாமல் கேள். அதைச் செய்யாமல் இந்த வீட்டுக்கு வராதே.

வீட்டை விட்டுப் போன பிறகு முதல்முறையாக நேற்றுச் சாயங்காலம் நீ பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றதைப் பார்த்தேன். ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. இளைத்திருந்தாய். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டே வாசல் லைட்டை அணைத்தேன். கொஞ்ச நேரம் இருட்டில் நின்றிருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாய். மேற்கே திரும்பினால் சாமளாபுரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நீ கிழக்கே, டவுன் பக்கம் திரும்பிப் போனாய்.

அம்மா